பந்தய வண்டியும் பழம் பிரதியும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாம் பந்தய மோட்டாரைப் பற்றி எழுதப் புகுவது, இப்பகுதியை ஆண்டுதோறும் விரும்பிப் படிக்கும் அன்பர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சங்க நூலாராய்ச்சியோ, சான்றோர் ஒருவர் வரலாறோ, விடுமுறைப் பயணக் குறிப்போ இவ்விடத்தில் வருதலே வழக்கம். எனினும், ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிக்கும் முறை பற்றி ஆசிரியர் வகுப்பில் எடுத்துரைத்த நாள் தொட்டு எம் உள்ளத்தை விட்டு நீங்காத வினா ஒன்றுண்டு. பழம் பொருள் ஒன்று சிதைந்த நிலையில் நம் கைக்கு வருமாயின், அதனைச் செப்பஞ் செய்யப் புகுவோர்க்கு அதன்மேல் எவ்வளவு உரிமை உண்டு? எதனை மாற்றலாம்? எதனை விட்டுவைத்தல் வேண்டும்? இவ்வினாவை நெஞ்சிற் கொண்டு பல துறைகளையும் நோக்கியபொழுது, சிற்பத்தைக் காட்டிலும் ஓவியத்தைக் காட்டிலும் கூர்மையாக இஃது எழுகின்ற இடம் ஒன்றைக் கண்டோம். அது பழைய பந்தய வண்டிகளைப் புதுக்குவோரின் பட்டறை. சிற்பத்திற் பிழை செய்தாற் கலை கெடும். பந்தய வண்டியிற் பிழை செய்தால் ஓட்டுவோன் உயிர் போகும். ஆதலின் அங்கே இவ்வினாவைச் சொல்லளவில் வைத்து விளையாட இயலாது.

பந்தய வண்டி என்றவுடன், பெருஞ்செல்வ நிறுவனங்கள் பொருளைக் கொட்டிச் செய்வித்து, நூறு பேர் பணிபுரிய, தொலைக்காட்சியில் உலகமெல்லாம் காண ஓடும் வண்டிகளே நினைவுக்கு வரும். யாம் பேசக் கருதியது அவற்றையன்று. பிழைப்புக்கு வேறு தொழிலைக் கொண்டு, பந்தயத்தைப் பொழுதுபோக்காகக் கொண்ட எளியோர், தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தாமே பழுது பார்த்து ஓட்டிய சிறு வண்டிகளையே கருதுகின்றோம். ஒருவர் மட்டும் அமரத்தக்க ஒடுங்கிய உடலும், மூடுதகடு இன்றி வெளியே நிற்கும் நான்கு சக்கரங்களும் உடையவை அவை. அவற்றுள் யாம் மிகுதியாகப் படித்தறிந்தது கூப்பர் 500 என்னும் வண்டி. அதனையே சான்றாகக் கொள்வோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946 இல், இங்கிலாந்தில் பெட்ரோல் இன்னும் பங்கீட்டிலேயே கிடைத்து வந்தது. மோட்டார் சைக்கிளின் 500 சி.சி. எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவிற் பந்தயம் நடத்துவதென ஆர்வலர் பலர் கூடி ஓர் இயக்கம் தொடங்கியிருந்தனர். இலண்டனுக்குத் தென்மேற்கே சர்பிட்டன் என்னும் ஊரில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த சார்லஸ் கூப்பரும், அவர் மகன் ஜான் கூப்பரும், அம்மகனுடைய நண்பர் எரிக் பிராண்டனும் சேர்ந்து, அவ்வியக்கத்துக்கென வண்டியொன்று கட்டலாயினர். பியட் டொபொலினோ என்னும் சிறு கார்கள் இரண்டின் முன்பகுதிகளை வெட்டியெடுத்து, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்குமாறு இணைத்து அடிச்சட்டம் ஆக்கினர். அதனால் முன்புறத்துக்கு உரிய குறுக்கு ஸ்பிரிங் பட்டையே பின்புறத்துக்கும் வாய்த்தது. ஜே.ஏ.பி. நிறுவனத்தின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை ஓட்டுவோனுக்குப் பின்னே வைத்தனர். மோட்டார் சைக்கிளின் கியர்ப்பெட்டியிலிருந்து சங்கிலி வழியாகப் பின்னச்சுக்கு ஆற்றல் சென்றது. சங்கிலி நீளுமாயின் தொல்லை மிகும்; எனவே எஞ்சின் பின்னச்சை ஒட்டி இருத்தலே எளிது. எஞ்சினைப் பின்னே வைத்ததற்கு ஆழ்ந்த கோட்பாடு எதுவும் காரணம் அன்று. காயலான் கடைச் சரக்கைக் கொண்டு கட்டுவோர்க்கு வாய்த்த வசதியே காரணம்.

அவ்வசதியின் பயன் பின்னர் விளைந்தது. 1930 களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் வண்டிகள் எஞ்சினைப் பின்னே கொண்டு ஓடியதுண்டு. ஆயினும் போருக்குப் பின் பெரும்பந்தயங்களில் அவ்வழியைத் தொடர்ந்தார் மிகச் சிலரே. கூப்பர் பட்டறையோ சிறு வண்டியிற் கண்ட அமைப்பையே பெரு வண்டிக்கும் கொண்டது. 1958 இல் அர்ஜென்டினாவில் நடந்த உலகப் பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் பின்-எஞ்சின் கூப்பரை ஓட்டி வென்றார். 1959, 1960 ஆகிய ஈராண்டிலும் ஜாக் பிராபம் கூப்பர் வண்டியிலேயே உலக வாகை சூடினார். இன்று உலகப் பந்தயத்தில் ஓடும் வண்டி ஒவ்வொன்றிலும் எஞ்சின் ஓட்டுவோனுக்குப் பின்னேதான் இருக்கின்றது. அந்த மாஸ் என்பாரே 1948 இல், தம் பதினெட்டாம் வயதில், கூப்பர் 500 ஒன்றை வாங்கிப் பந்தயம் பயிலத் தொடங்கியவர் என்பதும் அறியத்தக்கது. எம்மினும் ஓராண்டு இளையராக இருந்தார்! 1950 இல் இச்சிறு வண்டி வகையைச் சர்வதேசச் சங்கம் மூன்றாம் பார்முலா என ஏற்றுக்கொண்டது.

இவ்வண்டிகளை ஓட்டியவர் எத்தகையோர் என்பதற்கு ஒரு செய்தி போதும். ஜே.ஏ.பி. எஞ்சினைக் காட்டிலும் நார்டன் நிறுவனத்தின் மேங்க்ஸ் எஞ்சின் சிறந்ததென 1950 ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கண்டனர். நார்டன் நிறுவனமோ எஞ்சினை மட்டும் தனியே விற்க விரும்பவில்லை. ஆகவே பந்தயத்தார் முழு மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கி, எஞ்சினைக் கழற்றி வண்டியில் இட்டுக்கொண்டு, எஞ்சினில்லாச் சட்டத்தை விற்றுவிட்டனர். அச்சட்டத்தை வாங்கிய இளைஞர் அதில் டிரையம்ப் எஞ்சினைப் பொருத்தி டிரைட்டன் என்று பெயரிட்டு ஓட்டினர். ஒருவர் கழித்தது மற்றொருவர்க்கு முதலாயிற்று. இவ்வாறு உறுப்புகள் கைம்மாறிக் கைம்மாறித் திரிந்த உலகில், எந்த வண்டிக்கு எந்த எஞ்சின் உரியது என்று இன்று கேட்பதே ஒரு சிக்கல்.

சிக்கலின் நடுவிடம் இதுதான். புத்தகம் ஒருமுறை அச்சாகி வெளிவந்தால் அப்படியே நிற்கும். பந்தய வண்டியோ பட்டறையை விட்டு வெளிவந்த மறு வாரமே மாறத் தொடங்கும். முதற் பந்தயத்தில் எஞ்சின் கொதித்தது என்று பக்கத் தகட்டில் துளையிடுவர். அடுத்ததில் ஆசனத்தைப் பின்னே தள்ளுவர். வேலியில் மோதி வளைந்த சட்டத்தைச் சூடேற்றி நிமிர்த்திப் பற்றவைப்பர். ஓட்டுவோன் மாறினால் வண்ணம் மாறும். எஞ்சின் ஓராண்டில் இருமுறை மாறுவதும் உண்டு. ஐந்தாறாண்டு இவ்வாறு ஓடி, பின்னர் மலையேற்றப் போட்டிக்கென வேறொருவர் வாங்கி மாற்றி, இறுதியில் ஏதேனும் ஒரு கொட்டகையின் மூலையிற் கோழிகள் அடைய நாற்பதாண்டு கிடந்து, பின்னர்ப் புதுக்குவோர் கைக்கு வருகின்றது. பழைய நிலைக்குக் கொண்டுவருவோம் என்று அவர் புறப்படுகின்றார். எந்த நாளின் பழைய நிலைக்கு? கட்டி முடிந்த நாளா, முதல் வெற்றி பெற்ற நாளா, கடைசியாக ஓடிய நாளா?

இவ்வினா நீதிமன்றம் வரையிலும் சென்றதுண்டு. பென்ட்லி நிறுவனத்தின் "பழைய முதலெண்" எனப் பெயர் பெற்ற வண்டி 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் வென்றது. 1932 இல் புரூக்லண்ட்ஸ் பாதையில் விபத்துக்குள்ளாகி ஓட்டுவோர் உயிரையும் குடித்தது. இடையிலும் பின்னரும் அதன் உறுப்புகள் மாறிக்கொண்டே வந்தன. பல்லாண்டு கழித்து ஒருவர் அதனை ஒரு கோடிப் பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க இசைந்தவரோ, இதில் 1929 ஆம் ஆண்டின் பகுதி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று சொல்லிப் பணந்தர மறுத்தார். 1990 இல் நீதிபதி ஆட்டன் வழங்கிய தீர்ப்பு எமக்கு மிகவும் பிடித்தமானது. உறுப்புகள் பெரும்பாலும் மாறிவிட்டன என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவ்வண்டியின் வாழ்வு எங்கும் அற்றுப் போகவில்லை. ஒரே வண்டியாகத் தொடர்ந்து வந்து அது மாறியிருக்கின்றது. ஆதலின் அதுவே அவ்வண்டி என்று முடிவு செய்தார். பொருளின் உண்மை இரும்பில் மட்டும் இல்லை; அறுபடாத வரலாற்றிலும் இருக்கின்றது.

இவ்விடத்தில் எம் வகுப்புப் பாடம் துணைக்கு வருகின்றது. ஏடுகளும் இவ்வாறே மாறி மாறி வந்தவை. ஓலை செல்லரித்துப் போகுமுன் மற்றோர் ஓலையிற் படியெடுப்பர். எழுதியவர் கை தவறியும், தமக்குத் தெரிந்த சொல்லென்று எண்ணியும், இலக்கணம் வழுவியது என்று கருதித் திருத்தியும் பாடத்தை மாற்றியிருப்பர். அவற்றை வைத்துக்கொண்டு உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887 இலும் புறநானூற்றை 1894 இலும் பதிப்பித்தார். புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. நானூற்றில் இரண்டு குறைகின்றனவே, நாமே இரண்டு பாடி நிரப்பிவிடுவோம் என்று ஐயரவர்கள் எண்ணவில்லை. அவருக்கிருந்த புலமைக்கு அஃது அரிய செயலும் அன்று. இடையிடையே அடி சிதைந்த பாட்டுகளைச் சிதைந்தபடியே அச்சிட்டார். வேறுபட்ட பாடங்களைக் குறித்துக் காட்டினார். எவ்வெவ் ஊர்ப் பிரதிகள் உதவின என்பதையும் எழுதி வைத்தார். இன்று நாம் அப்பதிப்பை நம்பிப் பயில்வது அந்த வெற்றிடங்களினால்தான் என்று கூறினும் பொருந்தும்.

பழைய பந்தய வண்டியைப் புதுக்குவோருட் பெரும்பாலோர் இந்த நேர்மையை இன்னும் கைக்கொள்ளவில்லை என்பது எம் கருத்து. அவர்தம் கைத்திறனைக் குறைத்துக் கூறுகின்றோம் அல்லோம். ஆயினும் திறனே அவர்க்குப் பகையாகின்றது. நசுங்கிய அலுமினியத் தகட்டைத் தட்டிச் சமமாக்குகின்றனர். முன்னோர் அவசரத்தில் இட்ட கோணல் துளைகளை அடைத்துவிடுகின்றனர். வண்டி தோன்றிய நாளில் ஒருபொழுதும் பெற்றிராத பளபளப்பை அதற்கு ஏற்றுகின்றனர். கண்காட்சியில் நடுவர் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்துப் பரிசளிக்கின்றார். யாரோ ஓர் இளைஞர் வேலை முடிந்து வந்து இரவிற் கண் விழித்து இட்ட அக்கோணல் துளையன்றோ அவ்வண்டியின் வரலாறு? அதனை அடைத்தவர், தமக்குப் பிடிக்காத அடியை நீக்கிவிட்டு அச்சிட்ட பதிப்பாசிரியரை ஒப்பர்.

பளபளப்பு வெறும் பொய் மட்டும் அன்று. சிலவிடத்து அபாயமும் ஆகும். ஸ்டியரிங் கைகள், சக்கரத்தைத் தாங்கும் கம்பிகள் முதலியவற்றுக்குக் குரோமிய முலாம் பூசுவது சிலருக்கு விருப்பம். வலிமை மிக்க எஃகை முலாம் தொட்டியில் இடும்பொழுது ஹைட்ரஜன் உலோகத்தினுள்ளே புகுந்து அதனை நொறுங்கும் தன்மையதாக்கும். முலாம் பூசியபின் பலமணி நேரம் சூட்டடுப்பில் வைத்து அதனை வெளியேற்றாவிடின், கண்ணாடி போல் மின்னும் அக்கம்பி ஒரு நாள் முன்னறிவிப்பின்றி ஒடியும். இவ்வளவு தொல்லை எதற்கு? பழைய நாளில் அவற்றுக்குச் சாதாரண பெயிண்டே போதுமானதாக இருந்தது.

இங்கே எம்மை இடைமறித்து, அப்படியாயின் எதனையும் மாற்றலாகாது என்பதோ உம் கட்சி என வினவுவோர் இருப்பர். அன்று. எம் கட்சியின் மறுபாதியை இப்பொழுது கூறுவோம். உயிர் எவ்வுறுப்பின்மேல் தொங்குகின்றதோ, அவ்வுறுப்பிற் பழமைக்கு யாதொரு சலுகையும் கூடாது.

கூப்பர் வண்டியின் சக்கரங்களை எடுத்துக்கொள்வோம். எடை குறையவேண்டி மெக்னீசியக் கலப்பு உலோகத்தில், பிரேக் உருளையும் உடன் சேர்ந்தே இருக்குமாறு அவற்றை வார்த்தனர். பார்வைக்கு அழகானவை, அவ்வண்டியின் முகமே அவைதாம் எனலாம். ஆனால் மெக்னீசியம் ஈரத்தில் எளிதில் அரிக்கப்படும் உலோகம். எழுபதாண்டுக் காலம் ஈரமும் அதிர்ச்சியும் பட்ட வார்ப்பில், கண்ணுக்குப் புலனாகாத விரிசல்கள் இருத்தல் கூடும். வளைவிற் பக்கவாட்டில் தள்ளும் விசை முழுவதையும் தாங்குவது அதுவே. அது பிளந்தால், பட்டை கட்டாது அமர்ந்திருந்த அக்கால ஓட்டுவோனின் நிலைமையைச் சொல்ல வேண்டுவதில்லை. அந்நாளில் இவ்வண்டிகளுக்கு ஆசனப் பட்டையும் இல்லை. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பியும் இல்லை.

எம் தாய்மாமன் ஒருவர் வார்ப்படச் சாலையிற் பணிபுரிகின்றார். இத்தகைய விரிசலைக் கண்டறியும் முறையை அவர் ஒருமுறை எமக்குக் காட்டினார். வார்ப்பை நன்றாகக் கழுவி உலர்த்தி, அதன்மேற் சிவப்புச் சாயத்தைத் தெளித்துச் சிறிது நேரம் விடுகின்றார்கள். பின்னர் மேற்சாயத்தைத் துணியால் துடைத்தெடுத்து, வெண்பொடியைத் தூவுகின்றார்கள். குற்றமற்ற இடம் வெண்மையாகவே நிற்கும். விரிசல் உள்ள இடத்தில், உள்ளே புகுந்த சாயம் மெல்ல ஊறி, மயிரிழை போன்ற சிவந்த கோடாக எழும். எஃகு உறுப்பானால் காந்தமேற்றி இரும்புத் துகளைத் தூவினும் தெரியும். துகள் விரிசலின்மேற் போய் ஒட்டிக்கொள்ளும். அச்சிவந்த கோடு எழுவதைக் கண்ட பின்னர், பழஞ்சக்கரம் பழஞ்சக்கரம் என்று உருகுவதில் எமக்கு விருப்பம் இல்லை. கோடு கண்ட சக்கரத்தைக் கழற்றிவிடல் வேண்டும். பழைய அளவுப்படியே புதிதாக வார்த்ததை மாட்டல் வேண்டும். சக்கரக் குடம், பின்னச்சு, ஸ்டியரிங் கை, பிரேக் குழாய், எரிபொருட் கலம் இவற்றுக்கும் அதுவே நீதி. டயரைப் பற்றிச் சொல்லவே வேண்டா. ரப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும்.

எரிபொருளும் தனிக் கவனம் வேண்டுவது. ஜே.ஏ.பி. எஞ்சின் பெட்ரோலில் அன்று, மெத்தனாலில் ஓடியது. கள்ளச்சாராயத்திற் கலந்து 2024 இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்த அதே மெத்தனால்தான். எஞ்சினுக்கு அது நல்லது; சிலிண்டரைக் குளிரச் செய்யும், ஆதலின் அழுத்தத்தை மிகுதியாக்கி ஆற்றலைக் கூட்டலாம். ஆனால் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும், அலுமினியத்தை அரிக்கும். பந்தயம் முடிந்த அன்றே கலத்தையும் குழாயையும் கார்புரேட்டரையும் வடித்துப் பெட்ரோலாற் கழுவாது விட்டால், அடுத்த மாதம் உள்ளே வெண்ணிறப் பொருக்குப் பூத்திருக்கும். மற்றும் அது தீப்பற்றினால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கலத்திற் சிறு கசிவு இருப்பினும் அது விளையாட்டன்று.

எண்ணெய் நம் வீட்டுப் பொருளே. நம் பாட்டிமார் குழந்தைகளைப் பிடித்து வைத்துப் புகட்டிய ஆமணக்கெண்ணெய்தான் பந்தய எஞ்சினுக்கும் உயவாக இருந்தது. காஸ்ட்ரால் என்னும் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. மிகுந்த சூட்டிலும் படலம் அறாமல் உலோகத்தைக் காக்கும் இயல்புடையது. அதன் புகைமணத்தை ஒருமுறை நுகர்ந்தோர் மறப்பதில்லை என்று அவ்வுலகத்தார் எழுதுகின்றனர். புகட்டப்பட்ட குழந்தைகளும் மறப்பதில்லை! ஓடும் எஞ்சினில் அமுதம் போன்ற இவ்வெண்ணெய், நிற்கும் எஞ்சினிற் பிசினாய் இறுகும். தாது எண்ணெயோடு கலந்தாற் களியாகித் துளைகளை அடைக்கும். ஆகவே எண்ணெய் வகையை மாற்ற விரும்புவோர் எஞ்சினை முழுதும் பிரித்துக் கழுவிய பின்னரே மாற்றுதல் வேண்டும்.

இதிலிருந்து மற்றொரு வழக்கும் தீர்கின்றது. பழைய வண்டியை ஓட்டவே கூடாது, கண்ணாடி மாடத்தில் வைத்துக் காட்டுவதே அதற்குப் பாதுகாப்பு என்பார் உளர். நின்ற வண்டியும் கெடும் என்பதே உண்மை. எண்ணெய் இறுகுகின்றது, அடைப்புத் தோல்கள் உலர்ந்து வெடிக்கின்றன, வால்வு ஸ்பிரிங்குகள் ஒரே நிலையில் அழுந்திக் கிடந்து தளர்கின்றன, பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சிக் குழாயை உள்ளிருந்தே அரிக்கின்றது. அன்றியும், ஒற்றைச் சிலிண்டரின் வெடியோசை, சங்கிலியின் சலசலப்பு, டிபரென்ஷியல் இல்லாத பின்னச்சு வளைவிற் பின்பகுதியைத் தள்ளிக்கொண்டு போகும் பாங்கு ஆகிய இவையெல்லாம் ஓட்டத்தில் மட்டுமே உள்ளவை. நின்ற வண்டியிற் பாதியே உண்டு. பாட்டை அச்சிற் கண்டாற் போதும், ஓதிக் கேட்க வேண்டா என்பார்க்கு யாம் சொல்லும் விடையும் இதுவே.

ஒரேயொரு விலக்குக் கூறுவோம். கடைசிப் பந்தயத்தின் சேறும் ஒட்டியபடி, யாரும் கைவைக்காத வண்டி ஒன்று எங்கேனும் கிடைக்குமாயின், அதனை ஓட்டலாகாது, பெயிண்டும் அடிக்கலாகாது. அஃது ஆசிரியர் கைப்பட எழுதிய மூல ஏட்டுக்கு ஒப்பு. படி பல உள, மூலம் ஒன்றே. அதனை அளந்து, படமெடுத்து, மற்றவற்றைத் திருத்துதற்குச் சான்றாக வைத்துக்கொள்ளல் வேண்டும். அத்தகையது மிக அரிதாதலின் எம் பொதுவிதி இதனாற் கெடாது.

ஆக, மாற்றியவற்றை எழுதி வைத்தலே யாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது. சக்கரம் மாற்றுவது குற்றமன்று. மாற்றியதை மறைப்பதே குற்றம். புதிய வார்ப்பின் உட்புறத்தே ஆண்டைப் பொறித்தல் வேண்டும். கழற்றிய பழைய சக்கரத்தை உருக்குவோர்க்கு விற்றுவிடாது, எங்கிருந்து எப்பொழுது எதன்பொருட்டுக் கழற்றப்பட்டது என்று சீட்டுக் கட்டி, வண்டியோடு கூடவே வைத்திருத்தல் வேண்டும். அடிச்சட்டத்தில் வெட்டி ஒட்டிய இடங்களைப் படத்தோடு குறிப்பேட்டிற் பதிதல் வேண்டும். சர்வதேச மோட்டார்ச் சங்கம் பழங்காலப் பந்தயங்களில் ஓடும் வண்டிகளுக்கு அமைப்பும் வரலாறும் குறித்த தொழில்நுட்பச் சான்றேடு ஒன்று வேண்டும் என்று விதித்திருக்கின்றது. நல்ல விதியே, ஆயினும் அது பந்தயத்தில் நுழைவதற்கான சீட்டு. யாம் கேட்பது அடுத்த தலைமுறைப் புதுக்குவோன் கையில் இருக்கவேண்டிய அடிக்குறிப்பு.

குறிப்பில்லாதவிடத்து வஞ்சகம் புகுகின்றது. பழைய பெயர்த் தகடு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மற்றெல்லாம் புதிதாகச் செய்து, இதுவே அந்த வண்டி என்று விற்பார் உளர். ஒரே வண்டியின் சட்டம் ஓரிடத்தும் எஞ்சின் மற்றோரிடத்தும் பிரிந்துபோய், இரண்டைச் சுற்றியும் இரு வண்டிகள் எழுந்து, இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொள்வதும் உண்டு. பெரும்புலவர் பெயரைத் தாங்கி உலவும் பிற்காலப் பாட்டுகளை அறிந்த எமக்கு இஃது ஒன்றும் புதிதன்று. புதிதாகச் செய்த வண்டியைப் புதிது என்று சொல்லி ஓட்டுவார்மேல் எமக்கு வழக்கில்லை. அது நல்ல பயிற்சியுங்கூட.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்தி, நமக்கென்ன என்று யாரும் இப்பக்கத்தைத் திருப்ப வேண்டா. போர்க்காலத்து விமானத்தளத்தைப் பந்தயப் பாதையாக்கி, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் 1948 இல் பெரும்பந்தயம் நடத்தினர். அன்றே 500 சி.சி. வண்டிகளும் அங்கு ஓடின. அதே போன்று போர்க்காலத்து விமான ஓடுபாதையாகிய சென்னைக்கு வடபாலுள்ள சோழவரத்தில், 1953 இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் பல்லாண்டு பந்தயம் நடத்தினர். 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை அமைந்தது. கோயம்புத்தூர் கரிவர்த்தன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு, திறந்த சக்கரங்களையுடைய பார்முலா மாருதி வண்டியைக் கட்டி, குறைந்த செலவில் நம் நாட்டு இளைஞர் பந்தயம் பயில வழிசெய்தார். அவர் 1995 இல் மறைந்தார். கோயம்புத்தூர்ப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சர்பிட்டன் பட்டறையில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள ஒப்புமையை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கூப்பருக்கு ஆர்வலர் சங்கங்களும் நூல்களும் உள்ளன. சோழவரத்தில் ஓடிய வண்டிகளைக் கட்டிய பட்டறைக்காரர்கள் முதியராகி வருகின்றனர். அவர் நினைவிலன்றி வேறெங்கும் அவ்வண்டிகளின் பாடபேதங்கள் எழுதப்படவில்லை.

நம் கல்லூரிப் பழைய மாணவருள், அந்நாளிற் சனிக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுச் சோழவரம் சென்றவர் இல்லாமற் போகார். இப்பொழுது அதனை ஒப்புக்கொள்வதால் இழுக்கொன்றும் இல்லை. அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் அப்பந்தயங்களின் படங்கள் இருக்குமாயின், இப்பத்திரிகையின் தமிழ்ப் பகுதிக்கு அனுப்பி உதவுமாறு வேண்டுகின்றோம். வெற்றி பெற்ற வண்டியே ஆகவேண்டும் என்பதில்லை; வழியில் நின்றுவிட்ட வண்டியின் எஞ்சின் மூடி திறந்திருக்கும் படமாயின் எமக்கு அதுவே மேல். படத்தின் பின்புறத்தே ஆண்டையும் வண்டியின் எண்ணையும், பழுது பார்த்தவர் பெயர் நினைவிருப்பின் அதனையும், மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதியனுப்புக. பேனா மை ஊறி முன்புறத்தைக் கெடுத்துவிடும்.